வளைவில் போட்ட தழை

கேமரா ஜீப் வரத் தொடங்கிய நாளிலிருந்து மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிற அத்தனை பேர் வாயிலும் அதற்கு ஒரு வசவு இருந்தது. கெங்கம்மாள் ஒருத்திக்கு மட்டும் அது சாமி.

ஜவ்வாது மலையிலிருந்து செங்கத்துக்கு இறங்கும் சாலையில், அடிவாரத்துக்கு முந்தின கடைசித் திருப்பத்துக்கு நாவமரத்து வளைவு என்று பேர். வளைவுக்கு மேல்பக்கம், தடுப்புச் சுவர் முடிகிற இடத்தில், நான்கு குச்சி நட்டு ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு கெங்கம்மாள் சீத்தாப்பழம் விற்கிறாள். வளைவைத் திரும்பினால் கீழே அந்த நாவல் மரம். அதன் நிழலில்தான், எந்த நாள் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாமல், போலீஸ் ஜீப் வந்து நிற்கும். மூன்று கால் ஸ்டாண்டில் கேமராவை நிறுத்திவிட்டு நதியா என்கிற பெண் போலீசும், அஜய் என்கிற ஜீப் டிரைவரும் காத்திருப்பார்கள். இறங்கி வருகிற வண்டி மரத்தைத் தாண்டுவதற்குள் அதன் வேகமும் நம்பரும் பதிவாகிவிடும். கையைக் காட்டி நிறுத்துவது கிடையாது, பேச்சுவார்த்தை கிடையாது. அபராதம் போனுக்கு வந்து சேரும்.

“மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு புடிக்கிறது இன்னாக்கா வேல இது?” என்று ஒரு நாள் காலை லோடு ஆட்டோ ராஜேந்திரன் கூடைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பொருமினான். அபராதச் செய்தி அப்போதுதான் அவன் போனுக்கு வந்திருந்தது. “நேரா வந்து நில்லு. கைய காட்டு. நிறுத்தறேன். தப்புன்னா நாலு திட்டு திட்டு, வாங்கிக்கினு போறேன். அத வுட்டுட்டு கொக்கு மீனப் பாக்கற மாதிரி பாத்துக்கினு நிக்கிறாங்க.”

“கொக்கு நிக்கிற எடம் தெரிஞ்சும் மீனு ஏன் துள்ளுது?” என்றாள் கெங்கம்மாள், பழத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டே.

பக்கத்தில் பெரிய பைக்கை நிறுத்திவிட்டுப் பழம் தின்றுகொண்டிருந்த பையன், பேர் அருள், வேலூர்க்காரன், அவனுக்கும் அந்த வருத்தம் உண்டு. “இந்த மலைல வளச்சி வளச்சி ஓட்டறதுக்குத்தாங்க அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றதே. உருட்டிக்கினு போவணும்னா நான் எதுக்கு இந்த வண்டி வாங்கறேன்? வேகத்துக்கு போர்டு வெச்சிருக்காங்களாம். போர்ட்ட புதரு மூடிக்கினு கீது. புதர வெட்ட ஆளு இல்ல, கேமராவுக்கு மட்டும் ஆளு கீது.”

ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே பழம் கேட்ட பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். “எங்க ஸ்கூல் புள்ளைங்க இந்த ரோட்டு ஓரமாத்தான் தம்பி நடந்து வருது. நீ வளச்சி வளச்சி வரும்போது அதுங்க எந்தப் பக்கம் ஒதுங்கும்? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். எனக்கும்தான் ஒரு வாட்டி போனுக்கு வந்துது. அன்னைலேர்ந்து வாலச் சுருட்டிக்கினு போறேன்.”

“டீச்சருக்கு மாசம் பொறந்தா சம்பளம். நீங்க சுருட்டுவீங்க,” என்றான் ராஜேந்திரன். பிறகு கெங்கம்மாள் பக்கம் திரும்பினான். “நீ சொல்லுக்கா. கேமரா வேணுமா, வேணாமா?”

“என்னைக் கேட்டா? எனக்கு வண்டியா கீது? காலே ஒண்ணுதான் கீது.”

ராஜேந்திரன் பழத்தை வாங்கிக்கொண்டு ஆட்டோவைக் கிளப்பினான். பைக் பையன் அவள் வலது காலை ஒரு முறை பார்த்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

அந்தக் காலின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும்.

போன வருஷம் சீத்தாப்பழக் காலத்தில், இதே இடத்தில், சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நின்று கெங்கம்மாள் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். மலையிலிருந்து ஒரு வேன் இறங்கியது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு காற்று, ஒரு இடி, அப்புறம் முகத்துக்கு நேரே வானம். வேன் நிற்கவில்லை. வளைவைத் திரும்பும்போது அதன் ஹாரன் மட்டும் கேட்டது. பச்சைக்குழந்தை வீறிட்டு அழுகிற மாதிரி ஒரு ஹாரன். அந்த மலையில் அப்படிப்பட்ட ஹாரன் ஒரே ஒரு வண்டிக்குத்தான் உண்டு. அடிவாரத்து ஊரைச் சேர்ந்த தீர்த்தகிரியின் வேன் அது. அவன் கெங்கம்மாளுக்கு மூன்றாவது தெரு.

காலுக்குள் கம்பி வைத்துத் தைத்தார்கள். கம்பி நின்றது, கால் நிற்கவில்லை. ஊன்றினால் முழங்காலுக்குக் கீழே ஒரு தீ ஏறும். வேலிக்கம்பு ஒன்றை ஊன்றிக்கொண்டுதான் நடக்கிறாள்.

புகார் கொடுத்தாள். தீர்த்தகிரி வந்தான், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நெற்றியில் விபூதியோடு. “அன்னிக்கு என் வண்டி இந்த ரோட்டுலயே இல்லீங்க. போளூர்ல ஒர்க்‌ஷாப்புல நின்னுக்கினு இருந்தது,” என்றான். ஒர்க்‌ஷாப்காரனும் ஆமாம் என்றான். ஹாரன் சத்தத்தை வைத்து வழக்குப் போட முடியாது என்று ஸ்டேஷனில் சொன்னார்கள்.

அன்றைக்குச் சந்தை நாள், அந்த வேனுக்குள் ஆள் இல்லாமல் இருந்திருக்காது. உள்ளே இருந்தவர்கள் பார்த்திருப்பார்கள். ஆனால் மலையில் பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மற்ற நேரத்துக்கெல்லாம் தீர்த்தகிரியின் வேன்தான். பிரசவ வலி வந்தாலும் அவன், சாமை மூட்டை ஏற்றினாலும் அவன், புள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அவன். அவன் கோபித்துக்கொண்டால் மலையில் பாதி ஊர் முடங்கிப்போகும். ஆகவே யாரும் எதையும் பார்க்கவில்லை.

புருஷன் வேடியப்பன்கூட அதைத்தான் சொன்னான். “வுட்டுடு கெங்கா. இருக்கறது ஒரு வண்டி. ஊரையே பகைச்சிக்கினு நாம எங்க போறது?”

“நீ வுட்டுடு. ஒனக்கு ரெண்டு காலு கீது,” என்றாள் அவள்.

காயம் ஆறியதும் வேறு இடம் பார்க்கச் சொன்னார்கள். அவள் மாட்டேன் என்றாள். விழுந்த இடத்திலேயே தார்ப்பாயைக் கட்டினாள். தீர்த்தகிரியின் வேன் தினமும் அவளைக் கடந்துதான் போக வேண்டும், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அவன் பார்க்கத்தான் செய்தான். முதலில் தலையைக் குனிந்துகொண்டு போனான். அப்புறம் குனியவில்லை. கொஞ்ச நாளில், “இன்னா கெங்கக்கா, யாவாரம் சோக்கா போவுதா?” என்று ஜன்னலில் கையைப் போட்டுக்கொண்டு கேட்கிற அளவுக்கு வந்துவிட்டான். மேலே நெல்லிக்காய் பொறுக்கி விற்கிற பெரியம்மாள் மட்டும், முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாலும் சரி, பின்னால் இருந்தாலும் சரி, இந்த இடம் வந்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். கெங்கம்மாள் அதைக் கவனித்து வைத்திருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் கேமரா ஜீப் வந்தது.

முதல் நாளே கெங்கம்மாள் நல்ல பழமாக ஒரு தூக்கு எடுத்துக்கொண்டு, கம்பை ஊன்றி ஊன்றி, வளைவைக் குறுக்கே வெட்டுகிற ஒற்றையடிப் பாதையில் இறங்கி நாவல் மரத்தடிக்குப் போனாள். நதியாவிடம் காலைக் காட்டினாள், கதையைச் சொன்னாள்.

“சாட்சி இல்லாம அந்தக் கேச நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுக்கா,” என்றாள் நதியா. “நான் புடிக்கிறது வேகத்த மட்டும்தான்.”

“அது போதும்மா.”

அஜய் பழத்தைப் பிட்டுக்கொண்டே சொன்னான், “ஒரே ஆளு திரும்பத் திரும்ப மாட்டினா லைசென்ஸையே நிறுத்தி வெச்சிடுவாங்கக்கா. மூணாவது வாட்டி மாட்டினா எழுதி மேல அனுப்பிடுவோம்.”

கெங்கம்மாளுக்கு அன்றைக்குத்தான் ராத்திரி தூக்கம் வந்தது.

ஆனால் வண்டிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அந்த மலையில் ஒரு பழக்கம் உண்டு. வண்டி நடுவழியில் நின்றுவிட்டால், பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிவதற்காக, வளைவுக்கு முன்பாகவே சாலையில் ஒரு கொத்துத் தழையை ஒடித்துப் போட்டு, அது பறக்காமல் கல் வைப்பார்கள். தழையைக் கண்டால் யாராக இருந்தாலும் வேகத்தைக் குறைத்து இறங்குவார்கள். அப்பன் பாட்டன் காலத்து லாரி டிரைவர்களிடமிருந்து வந்த பழக்கம். ஜீப் வந்த பிறகு இதையே வேறு காரியத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள். கீழேயிருந்து ஏறி வருகிற எவனாவது மரத்தடியில் கேமராவைப் பார்த்தால், வளைவைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தி, சாலையோரத்து உண்ணிச் செடியில் ஒரு கொத்தை ஒடித்து, இறங்குகிற பக்கத்தில் வீசிவிட்டுப் போவான். கல் வைக்க மாட்டான். கல்லோடு கிடந்தால் வண்டி நிற்கிறது, வெறும் தழை கிடந்தால் கேமரா நிற்கிறது. மேலேயிருந்து வருகிற அத்தனை வண்டியும் தழையைக் கண்டதும் சாது ஆகிவிடும். பால்காரன் மாதிரி இறங்கும். மரத்தைத் தாண்டினதும் பழையபடி பறக்கும்.

இதெல்லாம் கெங்கம்மாளின் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது. தழை விழுகிற இடம் அவள் கூடைக்கு எதிரே.

அவள் என்ன செய்தாள் என்றால், தழை போட்டவன் மேலே போய் மறைந்ததும், கம்பை நீட்டித் தழையை இழுத்துப் பள்ளத்தில் தள்ளினாள். அவ்வளவுதான். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாவம், ராஜேந்திரன் மாட்டினது அப்படித்தான். இன்னும் யார் யாரோ மாட்டினார்கள். அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை. வலை போட்டால் சின்ன மீனும் வரத்தான் செய்யும்.

“தழ போட்டுட்டுத்தானே போனேன், நான் திரும்பி வர்றதுக்குள்ள எங்க போச்சு?” என்று ராஜேந்திரன் ஒரு நாள் அவளிடமே கேட்டான்.

“ஆடு இழுத்துக்கினு போயிருக்கும்,” என்றாள் கெங்கம்மாள்.

“உண்ணித் தழய எந்த ஆடு திங்கும்?”

“இந்த மலை ஆடு எத வேணா திங்கும்பா.”

தீர்த்தகிரி இரண்டு முறை மாட்டினான். இரண்டாவது முறை மாட்டினது தெரிந்த அன்று வேனை அவள் கூடைக்கு முன்னால் நிறுத்தி, கேமராவைக் கண்டுபிடித்தவன் குடும்பத்திலிருந்து ஆரம்பித்து எல்லாரையும் திட்டினான். “மலை ஜனத்துக்கு நான் ஒருத்தன் ஓட்டறேன். இந்த ஜீப்புல வந்து நிக்கறவனுங்களா ஓட்டப் போறானுங்க? இன்னும் ஒரு வாட்டி வந்துதுன்னா லைசென்ஸு போவுமாம். போவட்டும், ஜனம் நடந்து போவட்டும். பேமானிங்க.” கெங்கம்மாள் அவனுக்கு நல்லதாக ஒரு பழம் பொறுக்கிக் கொடுத்தாள். இன்னும் ஒன்று. அந்த ஒன்றுக்காகத்தான் அவள் கூடைக்குப் பின்னால் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். மழையில் உட்கார்ந்திருந்தாள், ஜுரத்தோடும் உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்குச் சந்தை நாள். கெங்கம்மாள் காலையிலேயே கூடையைப் பரப்பிவிட்டு, பாறைக்குப் பின்னால் இருக்கிற ஊற்றுக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். அந்தக் காலோடு போய்த் திரும்ப நேரம் பிடிக்கும். குடத்தோடு திரும்பி வந்து பார்த்தால், சாலையின் நடுவில் புதுசாக ஒடித்த உண்ணித் தழை, பெரிய கொத்தாகக் கிடந்தது. கல் இல்லை.

அவள் வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டாள். ஜீப் வந்திருக்கிறது. எவனோ பார்த்துவிட்டுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். தீர்த்தகிரியின் வேன் இன்னும் இறங்கவில்லை. சந்தைக்கு மூட்டையும் ஜனமும் ஏற்றிக்கொண்டு, தாமதமாகிவிட்டதே என்று பறந்துகொண்டு வருவான். சந்தை நாளில் அவன் மெதுவாக வந்த சரித்திரமே கிடையாது, தழையைக் கண்டால் தவிர.

கம்பை நீட்டினாள். இன்றைக்குத் தழை கனமாக இருந்தது. இழுத்து இழுத்துச் சாலை ஓரத்துக்குக் கொண்டுவந்து, தடுப்புச் சுவருக்கு மேலே தூக்கி, பள்ளத்தில் எறிந்தாள். அது பாறைகளுக்கு நடுவே போய்ச் செருகிக்கொண்டது. போ, என்றாள் அதைப் பார்த்து. இன்னையோட ஒன் வேலயும் முடிஞ்சிது, அவன் வேலயும் முடிஞ்சிது. புடவைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, கலியாண வீட்டில் முதல் பந்திக்கு உட்கார்ந்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஒற்றையடிப் பாதையிலிருந்து மூச்சு வாங்க நதியா ஏறி வந்தாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். கையெல்லாம் கிரீஸ்.

“யக்கா, ஒரு கொடம் தண்ணி குடுக்கா. ஜீப்பு கொதிச்சிப் போச்சு.”

“எடுத்துக்கோம்மா. இன்னிக்கு கேமரா எப்ப வெப்பீங்க?”

“கேமராவா? அது பொட்டியிலயே தூங்குது. மரத்தாண்ட ஜீப்ப திருப்பும்போது கியரு மாட்டிக்கிச்சிக்கா. ரோட்டுக்குக் குறுக்க நிக்குது, முன்னயும் போவல, பின்னயும் போவல. அஜய் அடியில படுத்துக்கினு கீறான். நான்தான் முதல்ல ஓடி வந்து ஒங் கடைக்கு முன்னால தழ ஒடிச்சிப் போட்டுட்டுப் போனேன், நீ இல்ல அப்போ. கல்லு வெக்கல. எல்லாம் கல்ல வெச்சிட்டு எடுக்க மறந்துட்டுப் போய்டறாங்க, அதுல பைக் ஏறி எத்தன பேரு விழுந்துட்டாங்க. தழ போதும், பாத்து மெதுவா வருவாங்க.” குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே, வந்த பாதையில் திரும்பினாள். சாலைப் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “சீக்கிரம் கொடத்தக் கொண்டாந்து தர்றேன்க்கா.”

கெங்கம்மாளின் கண் பள்ளத்தில் கிடந்த தழைக்குப் போனது. நதியாவின் தலை புதருக்குக் கீழே இறங்கி மறைந்தது.

அப்போது மேலே, இரண்டு வளைவுக்கு அப்பால், பச்சைக்குழந்தை வீறிட்டு அழுதது.

அவன்தான்.

எவ்வளவு நாள் இதை வேண்டியிருந்தாள். அவன் வண்டி போய் மோத வேண்டும், அவன் காலும் உடைய வேண்டும், அவனும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்று எத்தனை சாமியிடம் சொல்லியிருந்தாள். இப்போது எதுவும் செய்ய வேண்டாம். கூடையில் பழத்தை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். போலீஸ் ஜீப்பிலேயே மோதுவான். லைசென்ஸ் என்ன, ஆளே வெளியில் வர மாட்டான். எந்த ஒர்க்‌ஷாப்காரன் வந்து போளூரில் நின்றது என்று சொல்லுவான்? அவள் கை ஒரு பழத்தை எடுத்தது, மறுபடி வைத்தது.

ஹாரன் இன்னொரு முறை கேட்டது. ஒரு வளைவு குறைந்திருந்தது.

சந்தை நாள். உள்ளே அத்தனை ஜனம். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு யாராவது இருப்பாள். ஜீப்புக்கு அடியில் அஜய், கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு. அந்தப் பையன் போன வாரம்தான், “ஒங்க பழத்துக்கு கொட்டையே இல்லாம பண்ணிக் குடுக்கா,” என்று கேட்டு அவளைச் சிரிக்க வைத்தான்.

“த்தூ,” என்று துப்பினாள் கெங்கம்மாள். யாரைத் துப்பினாள் என்று அவளுக்கே தெரியாது. கம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

தழையைத்தான் முதலில் தேடினாள். அது பள்ளத்தில், பாறை இடுக்கில், நல்ல காலுக்காரன் இறங்கினாலும் எட்டாத இடத்தில் கிடந்தது. வேறு தழை ஒடிக்கச் செடி எதிர்ப்பக்கம். அதற்கு நேரம் இல்லை. சாலையில் ஏறினாள். வெள்ளைக் கோட்டைத் தாண்டினாள். அந்தக் கோட்டை அவள் ஒரு வருஷமாகத் தாண்டியதில்லை. வலது கால் தீயில் நின்றது. நடுச் சாலைக்கு வந்ததும், வேலிக்கம்பை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காகப் பிடித்துக்கொண்டாள்.

கம்பைத் தூக்கியதும் ஊன்ற எதுவும் இல்லை. உடம்பு ஆடியது. நின்றாள்.

வேன் பாறையைச் சுற்றிக்கொண்டு வந்தது. மேலே மூட்டை, பின்னால் ஆள் தொங்கிக்கொண்டு. அவளைப் பார்த்ததும் ஹாரன் அலறியது. அவள் நகரவில்லை. நீ நிறுத்தித்தான் ஆவணும்டா. அன்னிக்கி நிறுத்தல இல்ல, இன்னிக்கி நிறுத்து. டயர் கிறீச்சிட்டது. உள்ளேயிருந்து பெண்கள் கூச்சலிட்டார்கள். ஒரு சாமை மூட்டை மேலேயிருந்து உருண்டு விழுந்து வெடித்தது. வேன் சறுக்கிக்கொண்டே வந்து, அதன் முன்பக்கத்து எலுமிச்சம்பழ மாலை அவள் புடவையில் உரசுகிற தூரத்தில் நின்றது.

ரப்பர் கருகுகிற வாடை. ஏதோ ஒரு குழந்தை அழத் தொடங்கியது.

தீர்த்தகிரி கதவைத் திறந்துகொண்டு குதித்தான். முகம் வெளுத்திருந்தது. பயந்தவன் கத்துகிற மாதிரி கத்தினான்.

“யக்கா! சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சிதா ஒனக்கு? நான் ஒரு பொழப்பு பொழைக்க வேணாவா? அன்னிக்கும் இப்டித்தான் நடு ரோட்ல வந்து நின்ன, இன்னிக்கும் அதே எடத்துல வந்து நிக்கிற!”

கெங்கம்மாள் கம்பை மெதுவாகக் கீழே இறக்கி ஊன்றினாள்.

“எந்த அன்னிக்கி?” என்றாள்.

அவன் ஒரு அடி பின்னால் வைத்தான்.

“சொல்லு தீர்த்தகிரி. எந்த அன்னிக்கி நான் நடு ரோட்ல நின்னேன்?”

“அது… ஜனம் பேசிக்கிச்சி… யாரோ சொன்னாங்க…”

“ஒன் வண்டி போளூர்ல நின்னுக்கினு இருந்ததுன்னு சொன்னியே. போளூர்லேர்ந்து எட்டிப் பாத்தா நான் இங்க நின்னது தெரிஞ்சிதா? அவ்ளோ நல்ல கண்ணா ஒனக்கு? அந்தக் கண்ணு அன்னிக்கி எங்கடா போச்சு?”

அவன் ஏதோ சொல்லத் திரும்பினான். திரும்பினால், ஒற்றையடிப் பாதையின் தலைப்பில், டயர் சத்தம் கேட்டு ஓடி வந்த நதியா பாதித் தண்ணீர் சிந்திய குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

“நீ கத்துனது கீழ வரைக்கும் கேட்டுச்சி,” என்றாள் நதியா. குடத்தைத் தரையில் வைத்தாள். “அவங்க கேட்டதுக்கு பதில் சொல்லு.”

“மேடம், அது வந்து, பதட்டத்துல வாய்க்கு வந்தது…”

வேனின் முன் கதவு திறந்தது. பெரியம்மாள் நெல்லிக்காய்க் கூடையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். இந்த ஒரு வருஷத்தில் முதல் முறையாகக் கெங்கம்மாளின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“நடு ரோட்ல நிக்கல,” என்றாள் பெரியம்மாள். “ஓரமாத்தான் நின்னுக்கினு இருந்தா. கோட்டுக்கு அந்தாண்ட. நான் முன் சீட்ல இருந்தேன். நிறுத்துப்பா நிறுத்துப்பான்னு அடிச்சிக்கினேன். நிறுத்தல.”

“மே, சும்மா கெட!” என்று வேனுக்குள்ளிருந்து ஒரு ஆம்பளைக் குரல் அதட்டியது. “நாளைக்கு ஒன்ன ஆஸ்பத்திரிக்கு யாரு இட்டுக்கினு போவா?”

“ஆஸ்பத்திரிக்குத்தான் இப்பவே போயிருப்பமே,” என்றாள் பெரியம்மாள். “வளைவுல போய்ப் பாருங்க, இன்னா கீதுன்னு.” அவள் நின்ற இடத்திலிருந்து சாலை திரும்புகிற இடம் தெரிந்தது. ஜீப்பின் வெள்ளை மூக்கு பாறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

தீர்த்தகிரி நாலு அடி நடந்து போய் எட்டிப் பார்த்தான். சாலையை அடைத்துக்கொண்டு ஜீப். அடியிலிருந்து இரண்டு கால். அவன் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டான். திரும்பி வந்தபோது நடை வேறாக இருந்தது. கெங்கம்மாளுக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் குவித்தான்.

“அக்கா… நீ நிறுத்தலன்னா நான்…”

“கைய எறக்கு,” என்றாள் கெங்கம்மாள். “ஒனக்காக நிறுத்தல. நீ ஜீப்புல போய் முட்டியிருந்தா எனக்குப் பொங்கலு. உள்ள ஜனம் கீது, அதுக்காக வந்தேன். இன்னும் கேளு. ஒன் காலு இப்ப ரெண்டும் நல்லா கீதில்ல, அத நெனச்சா எனக்கு வயிறு எரியுது.”

நதியா அவனிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள். பெரியம்மாளிடம், இப்போது சொன்னதை ஸ்டேஷனுக்கு வந்து சொல்லுவாயா என்று கேட்டாள். பெரியம்மாள் வேனைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள். “சொல்றேன்,” என்றாள். அவளுக்குப் பின்னால் இறங்கிய ஒரு பெண், “நானும் பாத்தேன்,” என்று முணுமுணுத்தாள். மூன்றாவது ஆள் யாரும் பேசவில்லை. ஆனால் யாரும் மறுத்தும் பேசவில்லை. தீர்த்தகிரி தடுப்புச் சுவரில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெடித்த மூட்டையிலிருந்து சாமை சரிவில் ஓடிக்கொண்டிருந்தது.

ஜனம் ஒவ்வொருவராகக் கூடையோடு இறங்கினார்கள். அதட்டிய ஆள் கடைசியாக இறங்கி, கெங்கம்மாளைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். “இப்ப திருப்தியா? ஒருத்தன் ஓட்டிக்கினு இருந்தான், அவனயும் முடிச்சிட்ட. நாங்க சந்தைக்கு எப்டிப் போறது?”

“நடந்து போங்க,” என்றாள் அவள். “நான் ஒரு வருசமா நடக்கறேன், வாய மூடிக்கினு பாத்துக்கினு போனீங்க இல்ல. இப்ப நான் பாக்கறேன், நீங்க நடங்க.”

அவர்கள் நடந்தார்கள். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, அவள் கூடைக்கு முன்னால் வரிசையாக, வளைவைத் திரும்பிப் போனார்கள். கெங்கம்மாள் தன் கல்லின் மேல் உட்கார்ந்து, கடைசி ஆள் மறைகிற வரைக்கும் பார்த்தாள். ஒருத்தரையும் விடாமல் பார்த்தாள்.

நதியா சாலையில் இங்கும் அங்கும் நடந்து எதையோ தேடினாள். பள்ளத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

“யக்கா, நான் இங்க ஒரு பெரிய தழ ஒடிச்சிப் போட்டேனே. எங்க போச்சு?”

கெங்கம்மாள் எதிர்ப்பக்கத்துச் செடிக்குப் போய், ஒரு கொத்தை ஒடித்து, சாலையின் நடுவில் போட்டாள். சுவரடியிலிருந்து கல் ஒன்றைக் கம்பால் உருட்டிக்கொண்டு வந்து அதன் மேல் வைத்தாள்.

“ஆடு இழுத்துக்கினு போயிருக்கும்மா,” என்றாள். “இந்தக் கல்லு இருக்கட்டும். நானே எடுத்துடறேன்.”